என் விரலை யாரும் பிடிக்க வேண்டாம்

மகனே,

நைஜீரியாவிலிருந்து நீ அனுப்பிய தடித்த உறை வந்து ஒன்பது நாளாகிறது. உள்ளே இருந்த அற்றோர்ணித் தத்துவப் பத்திரத்தை மூன்று தரம் வாசித்தேன். என் வீட்டையும் காணியையும் வங்கிப் புத்தகத்தையும் எனக்குப் பதிலாக நீ பார்ப்பதற்கு நான் உனக்கு அதிகாரம் தருகிறேன் என்று அதில் நான் சொல்லுகிறேனாம். நான் ஒப்பம் வைக்க வேண்டிய இடங்களில் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தாய். கணக்குப் படிப்பிக்கிறவன் அல்லவா, ஐந்து இடத்திலும் பிழையில்லாமல் போட்டிருக்கிறாய். கூடவே ஒரு துண்டு: “அம்மா, குறி போட்ட இடத்தில் மட்டும் வைத்தால் போதும். ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம்.” முன்பு ஒருநாள் இதே மாதிரி ஒருவர் என்னை யோசிக்க வேண்டாம் என்றார், நானும் யோசிக்காமல் இருந்தேன். அந்த நாளைப் பற்றி உனக்கு இதுவரை சொன்னதில்லை. இன்றைக்குச் சொல்லப் போகிறேன். அதற்கு முதல் இதைத் தெரிந்துகொள். ஐந்து இடமும் வெறுமையாகவே இருக்கின்றன. அப்படியேதான் இருக்கும்.

உன் அக்கா காரைநகரிலிருந்து உனக்கு என்னைப் பற்றி எழுதியிருப்பாள். எழுதட்டும், அவள் பொய் எழுத மாட்டாள். ஓம், எனக்கு மறதி வருகிறது. போன மாதம் யாழ்ப்பாணம் போகிற பஸ் என்று நினைத்துக் குறிகாட்டுவான் பஸ்ஸில் ஏறிவிட்டேன். இறங்குதுறையில் நயினாதீவுக்குப் போகிற சனத்தின் நடுவே சந்தைப் பையோடு நின்றபோது, எதற்கு வீட்டிலிருந்து வெளிக்கிட்டேன் என்பது நினைவில் இல்லை. வந்ததுதான் வந்தேன் என்று மோட்டர் வள்ளத்தில் ஏறிப்போய் அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தேன். நல்ல தரிசனம். சோற்றுக்கு இரண்டு தரம் உப்புப் போட்டிருக்கிறேன். உன் பெண்சாதியின் பெயரை ஒரு பகல் முழுவதும் தேடினேன். பின்னேரம் ஆட்டுக்குக் குழை கட்டும்போது வந்தது. அதை அவளுக்குச் சொல்லிவிடாதே. இதெல்லாம் எங்கே போய் முடியும் என்று எனக்கு நீ படிப்பிக்க வேண்டியதில்லை. இந்த வருத்தத்தின் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை உன் அப்பாவிடம் பாடம் கேட்டவள் நான்.

அப்பாவின் கடைசிக் காலம் உனக்கு அரைகுறையாகத்தான் தெரியும். நீ அப்போது யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்துக்கொண்டிருந்தாய். விடுமுறைக்கு வரும்போது “அப்பா களைச்சுப் போனார்” என்று சொல்லி உன்னைச் சமாளித்தோம். அவர் களைக்கவில்லை. அவர் திரும்பவும் மாத்தறைக்குப் போய்விட்டார். உடம்பு இங்கே எங்கள் ஊர் மடத்துவெளியில் இருந்தது. ஆள் இருபத்தைந்து வருசம் கடை நடத்திய அந்தப் பட்டினத்தில் இருந்தார். தமிழரை அடித்த ஐம்பத்தெட்டுக் கலவரத்தோடு கடையைக் கைவிட்டு ஊருக்கு வந்த மனுசன், அந்தக் கடையைத் தலைக்குள்ளே திரும்பத் திறந்துவிட்டார். விடிய எழும்பி வாசல் படலையைத் திறந்து வைத்துவிட்டு, கைகளைத் தட்டித் துடைத்துக்கொண்டு கதிரையில் இருப்பார். ரோட்டால் போகிறவர்களைப் பார்த்து, “மொக்கத ஓன, மாத்தயா?” என்று கேட்பார். என்ன வேணும் ஐயா என்று சிங்களத்தில் கேட்கிறாராம். எனக்குச் சிங்களத்தில் அந்த ஒரு வசனம்தான் தெரியும், அதுவும் அவர் தந்ததுதான். ஒருநாள் பஸ் ஏறி வேலணையில் இறங்கி, யாரோ ஒருவருடைய பூட்டியிருந்த கடை வாசலில் திறப்புத் தேடிக்கொண்டு நின்றவரை, பஸ் கொண்டக்டர் கூட்டிவந்து விட்டார்.

ஊரில் இதற்கு ஒரு பேர் உண்டு. அறளை பெயர்ந்துவிட்டது என்பார்கள். வயது போனவர்களுக்கு வருவதுதானே என்று சொல்லிவிட்டுத் தங்கள் பாட்டில் போவார்கள். அந்தப் பேருக்குள் இருக்கும் வரைக்கும் பிரச்சினை இல்லை. வீட்டுக்குள் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம், ஒரு குடும்பத்துக்கும் அதனால் மானம் போகாது. ஆனால் அப்போது அக்காவுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கியிருந்தோம். மாப்பிள்ளை பகுதி கேட்டது, என் சீதனக் காணியில் நல்ல தண்ணீர்க் கிணறு இருக்கிற துண்டை. எங்கள் தீவில் உவர் இல்லாத கிணறு என்றால் அதன் பெறுமதி உனக்குத் தெரியும். கொடுக்க எனக்கு முழுச் சம்மதம். என் அம்மா எனக்குத் தந்தது, நான் என் மகளுக்குத் தருவது. ஆனால் தேசவழமைச் சட்டம் அப்படி விடாது. கலியாணம் கட்டிய பெண் தன் சொந்தச் சீதனக் காணியைக்கூடப் புருசனின் சம்மத ஒப்பம் இல்லாமல் எழுதிக் கொடுக்க ஏலாது. காணி என்னுடையது, மகள் என்னுடையவள், ஒப்பம் மாத்தறையில் கடை திறந்துகொண்டிருக்கிற மனுசனுடையது! இந்தச் சட்டத்தை எழுதினவர்களைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போல இருக்கிறது.

அப்போதுதான் உன் குஞ்சையா, அப்பாவின் தம்பி, வழி சொன்னார். “மச்சாள், இதுக்கு ஏன் கனக்க யோசிக்கிறியள்? அண்ணையின்ரை பெருவிரலை ஒருக்கா வைச்சால் அலுவல் முடிஞ்சுது. நான் நொத்தாரிசைக் கூட்டிக்கொண்டு வாறன். ஊரிலை எல்லாரும் இப்பிடித்தானே செய்யினம். நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாம்.” எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், அது உண்மை. படுத்த படுக்கையில் கிடக்கிறவர், ஆள் தெரியாதவர், எத்தனையோ பேருடைய விரலில் இப்படி மை பூசியிருக்கிறார்கள். ஒருவரும் அதைக் களவு என்று நினைப்பதில்லை. கலியாண வேலைகளில் அதுவும் ஒன்று என்று நினைப்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை உறுதி எழுதுகிற நொத்தாரிசு வந்தார். நான் குசினிக்கும் விறாந்தைக்கும் தேத்தண்ணியோடு ஓடிக்கொண்டிருந்தேன். உறுதிப் பத்திரம் இரண்டு இருந்தது. ஒன்று என் காணிக்கு அப்பாவின் சம்மதம். மற்றதைக் குஞ்சையா “இதுவும் அதோடை சேர்ந்ததுதான்” என்றார். நொத்தாரிசு, “ஐயாவுக்கு விளங்குதோ?” என்று கேட்டார். “ஓம் ஓம், விளங்கும்” என்று குஞ்சையாதான் பதில் சொன்னார். மைப்பெட்டியைத் திறந்ததும் அப்பா கையை நீட்டினார். விரலை அல்ல, பேனை பிடிக்கிற மாதிரிக் கையை. “பேனையைத் தாருங்கோ. எனக்குக் கையெழுத்து வைக்கத் தெரியும்” என்றார். அவருடைய கையெழுத்து எவ்வளவு வடிவானது என்று உனக்கு நினைவிருக்கும், கடைசி எழுத்தில் ஒரு வால் இழுத்துவிடுவார். ஆனால் அதற்கு ஒரு மாதம் முந்திப் பேனை கொடுத்துப் பார்த்தபோது வெறும் கோடுகள்தான் வந்தன. அதனால் குஞ்சையா என்னைப் பார்த்தார். நான் பக்கத்தில் போய் இருந்து, அப்பாவின் கையைப் பிடித்து, பெருவிரலை மையில் தோய்த்து, இரண்டு உறுதியிலும் அமத்தினேன். அவர் கையை இழுத்தார். நான் விடவில்லை. பிறகு சாட்சி ஒப்பமும் நானே வைத்தேன், வாசிக்காமல். எட்டாம் வகுப்பு வரை படித்தவள், புத்தகம் வாசிக்கிறவள், அன்றைக்கு இரண்டு பக்கத்தை வாசிக்கவில்லை. அப்பா அன்று முழுவதும் விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “என்ன கரி இது, என்ன கரி இது” என்று என்னையே கேட்டார். மகனே, என் வாழ்நாளில் நான் செய்த ஆக அசிங்கமான வேலை அதுதான். அதை ஒருவரும் எனக்குச் செய்யக் கூடாது.

மூன்று கிழமை கழித்து அப்பாவின் பனங்காணியில் குஞ்சையாவின் ஆட்கள் வேலி அடைத்துக்கொண்டிருந்தார்கள். என்ன வேலை என்று கேட்டேன். “அண்ணை எனக்கு எழுதித் தந்திட்டார், மச்சாள். நீங்கள்தானே சாட்சி” என்றார். முகத்தில் ஒரு சிரிப்புக்கூட இல்லை, நியாயம் சொல்கிற முகம். அவருடைய எண்ணத்தில் அது தாய்தகப்பன் வழிக் காணி, அண்ணனுக்கு அறிவு போனபின் தம்பிக்கு வருவதுதான் முறை. நான் அங்கே நின்று கத்தவில்லை. அடுத்த நாள் காலை பஸ் ஏறி யாழ்ப்பாணத்தில் வழக்குப் பார்க்கிற ஒரு பிரக்கிராசியாரிடம் போனேன். தலை நரைத்த மனுசன், என் தகப்பனுக்குத் தெரிந்தவர். நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன், விரலை அமத்தியதையும் சேர்த்து.

“பிள்ளை, அந்தக் கைநாட்டு ஒண்டுக்கும் உதவாது” என்றார். “தம்பியார் எழுதுவிச்ச உறுதியும் அப்பிடி, உம்மடை மகளின்ரை சீதனத்துக்கு வாங்கின சம்மதமும் அப்பிடி. நாளைக்கு ஆரெண்டாலும் கோட்டிலை கேள்வி கேட்டால் ரண்டும் விழும்.”

“அப்ப அவரைக்கொண்டு எனக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதுவிக்கலாமோ ஐயா?”

“அது அறிவோடை இருக்கிறவர் எழுதிக் குடுக்கிறது. எழுதினவருக்கு அறிவு போனால் அந்தக் கடுதாசியும் அண்டைக்கே செத்துப்போம். இவருக்கு இப்ப எழுதவும் ஏலாது. ஒரே ஒரு வழிதான் இருக்கு. சித்த சுவாதீனம் இல்லாதவர் எண்டு கோட்டிலை உள்ளதைச் சொல்லி, அவரின்ரை காரியங்களைப் பாக்கிற அதிகாரத்தை நீர் எடுக்க வேணும். உம்மடை காணிக்கும் அவரின்ரை சம்மதத்துக்குப் பதிலா நீதிபதி உத்தரவு தருவார்.”

“விசரன் எண்டு சொல்லச் சொல்லுறியளோ?”

“சட்டத்திலை மறதிக்கு வேறை பேர் இல்லைப் பிள்ளை” என்றார்.

நீ அனுப்பிய பத்திரத்துக்கு இதுவும் ஒரு பதில், கவனித்தாயா? எனக்கு அறிவு இருக்கும் வரை அந்தப் பத்திரம் எனக்குத் தேவையில்லை. அறிவு போன பிறகு அது உனக்கு உதவாது. தண்டவாளம் மாதிரி நீளப் பட்டம் வைத்திருக்கிறாய், இதை ஒரு சட்டம் தெரிந்தவனிடம் கேட்கவில்லையே.

வழக்குப் போட்டேன். வழக்கென்றால் ரகசியம் இல்லை. நெருங்கிய சொந்தங்களுக்கு நீதிமன்றத்திலிருந்து அறிவித்தல் போகும். குஞ்சையாவுக்குப் போனது, அவர் கோட்டில் வாதாட அப்புக்காத்து வைத்து எதிர்த்தார். ஒரு கிழமைக்குள் மடத்துவெளி முழுவதற்கும் தெரிந்துவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கட்டின புருசனைக் கோட்டில் ஏற்றி விசர்ப் பட்டம் கட்டப் போகிறாள் என்று கிணற்றடியில் எனக்குக் கேட்கும்படியாகவே கதைத்தார்கள். என் சொந்தத் தமக்கை வந்து, “வாயை மூடிக்கொண்டு இருந்தால் பெட்டையின்ரை கலியாணம் நடக்கும். இப்ப விசர்க் குடும்பம் எண்டு சொல்லப் போறாங்கள்” என்று அழுதாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் நடந்திருக்கும், எனக்கும் தெரியும். ஆனால் என் மகளின் வீடு ஒரு களவு எடுத்த விரலின் மேலே நிற்கும். யார் எப்போது தட்டினாலும் விழும். அவளுக்குக் கொடுக்கப்போவது காணியா, பயமா என்று எனக்கு நானே கேட்டுப் பார்த்தேன். பிடிவாதக்காரி என்றார்கள். ஓம், பிடிவாதக்காரிதான்.

விசாரணை நாளன்று அப்பாவுக்கு வெள்ளை வேட்டி கட்டிச் சால்வை போட்டு, பஸ்ஸில் யன்னல் கரையில் இருத்திக் கூட்டிப் போனேன். பாலத்தில் கடல் இரண்டு பக்கமும் தெரிந்தபோது சந்தோசமாக இருந்தார். அரசாங்க ஆஸ்பத்திரி டொக்டரின் கடிதம் என் மடியில் இருந்தது. நான் சாட்சிக் கூட்டில் ஏறியதும், குஞ்சையாவின் அப்புக்காத்து பனங்காணி உறுதியை என் முகத்துக்கு நேரே பிடித்தார்.

“இதிலை இருக்கிற சாட்சி ஒப்பம் உம்முடையதோ?”

“ஓம்.”

“எட்டு மாதத்துக்கு முந்தி உம்முடைய புருசனுக்கு எல்லாம் விளங்கினது. இப்ப காணி போனாப் பிறகு விளங்காமல் போச்சுதோ?”

பிரக்கிராசியார் எனக்கு முன்கூட்டியே சொல்லித் தந்திருந்தார்: வாசிக்காமல் வைச்சனான் எண்டு மட்டும் சொல்லும், மிச்சத்தை நான் பாக்கிறன். அதுவும் பொய்யில்லை. ஆனால் அப்பா அங்கே வாங்குப் பலகையில் இருந்தபடி, தன் சால்வை நுனியை மடித்து மடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் அரைவாசி உண்மை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“அப்பவும் விளங்கேல்லை, ஐயா” என்றேன். “அவர் பேனை கேட்டவர். நான் குடுக்கேல்லை. அவரின்ரை விரலைப் பிடிச்சு அமத்தினது நான். அவர் கையை இழுத்தவர், நான் விடேல்லை. பிறகு சாட்சி வைச்சதும் நான். அந்தக் கைநாட்டு அவரின்ரை இல்லை, என்ரை.”

“பொய்ச்சாட்சி வைச்சால் சிறை மறியல் இருக்கு, தெரியுமோ?”

“தெரியும். மறியலுக்கு அனுப்பிறதெண்டால் அவரையும் என்னோடை விடச் சொல்லுங்கோ. அவருக்குச் சோறு குழைச்சுக் குடுக்க வேறை ஆளில்லை.”

நீதிமன்றத்தில் சிலர் சிரித்தார்கள். நீதிபதி சிரிக்கவில்லை. அவர் அப்பாவைக் கிட்டக் கூட்டிவரச் சொல்லி, கதிரை போட்டு இருத்தி, ஆறுதலாகக் கேட்டார். பெயர் கேட்டதற்கு அப்பா கடையின் பெயரைச் சொன்னார். என்ன வருசம் என்றதற்கு, “வருசப்பிறப்புக்குச் சாமான் இன்னும் வந்து சேரேல்லை” என்றார். பிறகு நீதிபதி என்னைக் காட்டி, “இவ ஆர்?” என்று கேட்டார். அப்பா என்னை நன்றாகப் பார்த்தார். முப்பது வருசம் கூட வாழ்ந்தவள் நான். “இந்த அம்மா எங்கடை கடைக்கு வழமையா வாறவ” என்றார். “நல்ல மனுசி. கொஞ்சம் கோவக்காரி. அவவைக் கனநேரம் நிக்க வைக்காமல் அனுப்புங்கோ.” நான் அந்தக் கூட்டிலேயே நின்று அழுதேன். வெட்கப்படவில்லை, இப்போதும் வெட்கம் இல்லை. நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய காரியங்களையும் அவரையும் பார்க்கிற அதிகாரம் எனக்கு வந்தது. அக்காவின் காணிக்கு உத்தரவும் வந்தது.

வென்றேன் என்று சொல்லுவேனா? பனங்காணி திரும்பவில்லை. அதற்கு வேறு வழக்குப் போட வேண்டும் என்றார்கள். அப்பாவை வைத்துக்கொண்டு இன்னும் நாலு வருசம் கோட்டுக்கு அலைய எனக்குப் பலம் இல்லை. இன்றைக்கு அதில் குஞ்சையாவின் மகன் வீடு கட்டியிருக்கிறான். அந்த வழியால் போகும்போதெல்லாம், அது நான் வாசிக்காமல் விட்ட பக்கம் என்று நினைத்துக்கொண்டு போகிறேன். மாப்பிள்ளை பகுதி தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டு விலகிவிட்டது. என் தமக்கை சொன்ன ‘விசர்க் குடும்பம்’ என்ற அதே இரண்டு சொல்லைத்தான் சொல்லி அனுப்பினார்கள். தரகர் போனபிறகு அக்கா குசினி வாசலில் நின்று கேட்டாள்: “அப்பாவை விசரன் எண்டு எழுதுவிச்சனீங்கள், சரி. என்ரை கலியாணம் எண்டு தெரியும்தானே. என்னை ஒரு வார்த்தை கேட்டனீங்களோ?”

கேட்கவில்லை. சரியான காரியத்தைத்தான் செய்தேன், இன்றைக்கும் செய்வேன். ஆனால் இருபத்திரண்டு வயதுப் பிள்ளையை இருத்தி, “இப்படி ஒரு வழி இருக்கிறது, இதனால் உன் கலியாணம் குழம்பலாம், நீ என்ன சொல்கிறாய்” என்று கேட்கவில்லை. சரி என் பக்கம் இருக்கிறதென்றால் மற்றவரைக் கேட்கத் தேவையில்லை என்று நினைத்துவிட்டேன். அவள் இரண்டு வருசம் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. பிறகு காரைநகர் வாத்தியார் அவளைக் கேட்டு வந்தார், எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு வந்தார், கிணற்றுக்காணியை ஒளிவில்லாமல் எழுதிக் கொடுத்தேன். அவள் நன்றாக இருக்கிறாள். அதற்காக அந்த இரண்டு வருசம் இல்லாமல் போகாது.

இன்னுமொன்றும் சொல்ல வேண்டும், இது நீதிமன்றத்திலும் சொல்லாதது. அதிகாரம் கையில் வந்த பிறகு நான் அப்பாவிடம் ஒன்றையும் கேட்பதை விட்டுவிட்டேன். எனக்குத்தானே கடுதாசி இருக்கிறது! எந்த வேட்டி, எப்போது சாப்பாடு, எப்போது படுக்கை, எல்லாம் நானே. ஊர் பார்க்கிறது என்று படலைக்குப் பூட்டுப் போட்டேன். அவர் விடிய எழும்பிப் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்பார், நான் கையைப் பிரித்துக் கூட்டிவருவேன். ஒருநாள் கொஞ்சம் தெளிவாக, “இஞ்சேரும், நீர் நல்லாத்தான் பாக்கிறீர். ஆனால் என்னை ஒண்டும் கேக்கிறீரில்லையே” என்றார். அவருக்கு வருசம் தெரியாது, பெயர் தெரியாது, ஆனால் படலை வாசலில் இருக்க வேண்டும் என்பது தெரியும். அதைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்றைக்குப் பூட்டைக் கழற்றினேன். பிறகு அவர் சாகும் மட்டும் நானும் பக்கத்தில் ஒரு கதிரை போட்டு இருந்தேன். ரோட்டால் போன சனம் ஒவ்வொன்றையும் அவர் வரவேற்றார். சிரித்தவர்கள் சிரித்தார்கள். பதில் சொன்னவர்களும் உண்டு. தேங்காய் தாருங்கோ முதலாளி என்று நின்று கேட்டுவிட்டுப் போன புண்ணியவான்களும் உண்டு.

இப்போது என் காரியத்துக்கு வருகிறேன். அப்பா செத்த பிறகு என் ஒப்பத்துக்கு ஒருவருடைய சம்மதமும் தேவையில்லை. போன வெள்ளிக்கிழமை, சரியான பஸ்ஸில் ஏறி, யாழ்ப்பாணத்தில் ஒரு நொத்தாரிசிடம் தனியாகப் போனேன். வீடும் மிச்சக் காணியும் யாருக்கு என்று எழுதி வைத்துவிட்டேன். யாருக்கு என்று இப்போது சொல்ல மாட்டேன். நீ கொஞ்சம் காத்திரு, உனக்கு அது நல்லது. அங்கேயே இருந்து இன்னொரு கடிதமும் என் கையால் எழுதினேன். ஒரு நாள் என்னைப் பற்றி விசாரிக்கப் போகிற நீதிபதிக்கு அது. “ஐயா, நான் நினைவோடு இருக்கும்போது இதை எழுதுகிறேன். எனக்குக் கையெழுத்துத் தெரியும். என் பெருவிரல் அடையாளத்தோடு எந்த உறுதி உங்களிடம் வந்தாலும் அது நான் வைத்ததல்ல. என்னைக் கேள்வி கேட்காமல் முடிவு சொல்ல வேண்டாம். நான் பிழையாகப் பதில் சொன்னாலும் கேளுங்கள். என் காரியங்களைப் பார்க்கிற அதிகாரத்தை என் மகளும் மகனும் சேர்ந்து கேட்டால் கொடுங்கள், ஒருவர் மட்டும் கேட்டால் மற்றவர் எங்கே என்று கேளுங்கள்.” நொத்தாரிசு வாசித்துவிட்டு, “அம்மா, இது சட்டத்திலை எவ்வளவு நிக்கும் எண்டு தெரியாது” என்றார். “நிக்காட்டில் போகட்டும். ஆனால் எழுதினது இருக்கட்டும்” என்றேன். அலுமாரியின் மேல்தட்டில், அப்பாவின் சால்வைக்குக் கீழே இருக்கிறது.

ஆகவே மகனே, அந்த நாள் வரும்போது என்னை வீட்டுக்குள் மறைத்து வைக்காதே. அறளை என்று பூசி மெழுகாதே. உன் பிள்ளைகளுக்கு நாளைக்குச் சம்பந்தம் பேசும்போது குறையாகப் போய்விடும் என்று பயப்படாதே. அப்படி விலகிப் போகிறவன் போகட்டும், அவன் விலகியது உங்களுக்கு லாபம். என்னை நல்ல சீலை உடுத்தி, யன்னல் கரையில் இருத்திக் கூட்டிப் போ. எல்லாருக்கும் முன்னால் உள்ளதைச் சொல்லு. நீதிபதி உன்னைக் காட்டி இவர் ஆர் என்று கேட்டால், நான் பஸ் கொண்டக்டர் என்று சொல்லக்கூடும். மனம் உடைந்து போகாதே. அழ வேண்டுமென்றால் அழு, அழுதுவிட்டு மிச்சத்தைச் சொல்லி முடி. அதிகாரம் கிடைத்த பிறகும் என்னைக் கேள். சோறா, புட்டா என்று கேள். வெளியே இருக்க விருப்பமா என்று கேள்.

அதற்கு முதல் ஒன்று இருக்கிறது. உன் பத்திரத்தைத் திருப்பி அனுப்புகிறேன், கோபத்தில் இல்லை, கொஞ்சம் கோபத்திலும்தான். நீ கடல் கடந்து உறை அனுப்பாதே. விடுமுறை எடுத்துக்கொண்டு வா. விறாந்தையில் எனக்கு முன்னால் வந்து இருந்து, “அம்மா, உங்கடை காரியங்களை நாங்கள் பாக்கட்டோ?” என்று உன் வாயால் கேள். நான் ஓம் என்றுதான் சொல்லப் போகிறேன், மடையா. இவ்வளவு எழுதியும் அது விளங்கவில்லையா? ஆனால் அந்த ஓமை நான் நானாக இருக்கும்போது, நீ யார் என்று தெரிந்துகொண்டு சொல்ல வேண்டும். எவ்வளவு காலம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. கெதியாக வா.

அம்மா